போர்டு ஸ்கூல் என்றால் யார் நடத்தியது? அப்பா படித்த பள்ளியின் வரலாறு எழுத உதவி வேண்டும்

குரோம்பேட்டைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். நான் இருப்பது குரோம்பேட்டையில். அப்பாவின் ஊர் மதுராந்தகம் தாண்டி உள்ளே போக வேண்டும். பெரிய கிராமம் என்றும் சொல்லலாம், சின்ன டவுன் என்றும் சொல்லலாம். வாரச் சந்தை உண்டு, போலீஸ் ஸ்டேஷன் உண்டு, சினிமா கொட்டகை ஒன்று இருந்து மூடிவிட்டது. அந்த ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில்தான் அப்பா, சித்தப்பா, அத்தை எல்லோரும் படித்தார்கள். பழைய மாணவர்கள் சேர்ந்து விழா எடுத்து மலர் போடப் போகிறார்கள். பள்ளி வரலாறு நான்கு பக்கம் எழுதுகிற பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. நான் அங்கே படிக்காதவன், சென்னையிலேயே வளர்ந்தவன், ஆனால் அப்பா போன பிறகு அவருடைய பெட்டியில் இருந்த காகிதங்கள் எல்லாம் என்னிடம் இருப்பதால் என்னிடம் கேட்டார்கள்.

விஷயம் இதுதான். பள்ளி நுழைவாயில் வளைவில் 'தோற்றம் 1948' என்று பெரிதாக எழுதியிருக்கிறது. ஆனால் எங்கள் பாட்டி, அப்பாவின் அம்மா, 'நான் அந்த ஸ்கூல்லதான் மூணாங்கிளாஸ் வரைக்கும் படிச்சேன்' என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். பாட்டி பிறந்தது 1920 வாக்கில். 1948-இல்தான் பள்ளியே வந்தது என்றால் பாட்டி சொன்னது எப்படிச் சரியாகும்?

அப்பாவின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் என்னிடம் இருக்கிறது. 1957. அட்டை பழுப்பேறி, முதுகில் துணி ஒட்டி, உள்ளே நூல் தைத்தது. அங்க அடையாளம் என்ற இடத்தில் 'இடது புருவத்தின் மேல் ஒரு தழும்பு' என்று ஆங்கிலத்தில் மையால் எழுதியிருக்கிறார்கள். அந்தத் தழும்பை நான் சின்ன வயதில் தொட்டுப் பார்த்திருக்கிறேன். கீழே ஊதா நிறத்தில் வட்ட முத்திரை, அதில் 'ஜில்லா போர்டு ஹைஸ்கூல்' என்று இருக்கிறது. அத்தை 1967-இல் ஐந்தாவது முடித்தபோது வாங்கிய டி.சி.யில் 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி' என்று போட்டிருக்கிறது. அதே அத்தையின் 1972-ஆம் வருட டி.சி.யில் 'அரசு உயர்நிலைப் பள்ளி'. இத்தனைக்கும் எல்லாம் ஒரே காம்பவுண்டு, ஒரே ஆலமரம்.

ஜில்லா போர்டு என்றால் என்ன, அது எப்போது போனது, பள்ளி எப்போது அரசாங்கத்தின் கைக்கு வந்தது, பள்ளியின் வயதை எந்த வருடத்திலிருந்து கணக்கு வைப்பது? ஒரு அலுவலகத்துக்கு மூன்று முறை போய் வந்துவிட்டேன். பழைய கட்டுகள் எல்லாம் மாடியில் மழையில் நனைந்து போய்விட்டன என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பழைய ஏடு

உங்கள் பாட்டி சொன்னது சரியாகத்தான் இருக்கும். உங்களிடம் இருக்கிற மூன்று காகிதமும் மூன்று முதலாளிகளைக் காட்டுகின்றன. நான்காவது முதலாளி ஒருவரும் இருந்திருப்பார், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நம் பக்கத்தில் வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே திண்ணைப் பள்ளிக்கூடங்கள் இருந்தன. கவர்னர் தாமஸ் மன்றோ 1822-இல் ஜில்லா ஜில்லாவாகக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பில் சென்னை ராஜதானி முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள் என்று இருக்கிறது. ஓலையும் மணலும் வைத்து, ஊர்க்காரர்கள் கொடுக்கிற நெல்லிலும் காசிலும் வாத்தியார் நடத்திய பள்ளிகள் அவை. இவற்றில் ஒன்றாக உங்கள் பள்ளி தொடங்கியிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அதைத் தொட வேண்டாம்.

பொதுப் பணத்தில் ஊர்ப் பள்ளி நடத்துவது நிலைத்தது 1871-க்குப் பிறகு. அந்த வருடம் வந்த லோக்கல் ஃபண்டு சட்டத்தில் நிலவரியோடு செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து வசூலித்தார்கள். அந்தப் பணத்தில்தான் ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம். பழைய கட்டடங்களில் ஆங்கிலத்தில் எல், எஃப் என்று இரண்டு எழுத்து கல்லில் வெட்டியிருந்தால் அது லோக்கல் ஃபண்டு என்பதன் சுருக்கம். ஊருக்குப் போகும்போது வாசல்படி, தூண், கிணற்றுக் கட்டை எல்லாவற்றையும் ஒரு தடவை பாருங்கள். சுண்ணாம்புக்கு அடியில் இருக்கலாம்.

1884-இல் வேறு சட்டம் வந்தது. மேலே ஜில்லா போர்டு, அதன் கீழே தாலுகா போர்டு, அதற்கும் கீழே யூனியன் என்று மூன்று அடுக்கு. ஆரம்பத்தில் கலெக்டரே ஜில்லா போர்டின் தலைவர், வெகு காலம் கழித்துத்தான் ஊர்ப் பிரமுகர்கள் தலைவராக வந்தார்கள். போர்டுக்கு வருமானம் எங்கிருந்து என்றால் நிலவரி செஸ், டோல்கேட் காசு, அப்புறம் சாலை ஓரத்துப் புளியமரங்களின் மகசூல் ஏலம். மதுராந்தகம், செய்யூர் பக்கம் ரோட்டில் இன்னும் நிற்கிற அந்தப் புளியமரங்களில் சிலவாவது வாத்தியார் சம்பளத்துக்குக் காய்த்தவை என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பொதுவாக ஹைஸ்கூலை ஜில்லா போர்டு நடத்தியது, எலிமெண்டரி பள்ளிகளைத் தாலுகா போர்டு நடத்தியது. தாலுகா போர்டுகளை 1934-இல் எடுத்துவிட்டார்கள், அவற்றின் பள்ளிகள் ஜில்லா போர்டுக்குப் போயின. உங்கள் பாட்டி மூன்றாவது படித்தது 1929, 1930 வாக்கில் என்றால் அது தாலுகா போர்டு எலிமெண்டரி பள்ளியாக இருந்திருக்க வேண்டும். நான் சொன்ன நான்காவது முதலாளி அதுதான். 1948 என்பது அந்தப் பள்ளியில் ஃபாரம் வகுப்புகள் வந்து ஹைஸ்கூலாக உயர்ந்த வருடமாக இருக்கலாம். சுதந்திரம் வந்த சமயத்தில் பல ஊர்களில் இப்படி உயர்த்தினார்கள்.

சட்டங்களை வைத்து நான் போடுகிற கணக்கு இது. உறுதி செய்ய வேண்டியது சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்து.

குரோம்பேட்டைக்காரன்

மிக்க நன்றி ஐயா. தாலுகா போர்டு என்ற சொல்லையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். 'ஃபாரம்' என்று அப்பாவும் சொல்வார், நான் ஏதோ விண்ணப்பப் படிவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுமதி டீச்சர்

தம்பி, ஃபாரம் என்றால் வகுப்புதான். ஃபர்ஸ்ட் ஃபாரம் என்பது ஆறாம் வகுப்பு, சிக்ஸ்த் ஃபாரம் என்பது பதினொன்று. அதில்தான் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. 1978-இல் பிளஸ் டூ வந்த பிறகுதான் பத்தாவதோடு எஸ்.எஸ்.எல்.சி. முடிந்து, நல்ல ஹைஸ்கூல்கள் எல்லாம் மேல்நிலைப் பள்ளிகள் ஆயின. உங்கள் பள்ளிக்கு 'மேல்நிலை' என்ற பெயர் அதற்கு முன்னால் வந்திருக்க முடியாது, மலரில் எழுதும்போது அதைக் கவனித்து எழுதுங்கள். நிறைய மலர்களில் 'அந்தக் காலத்தில் இந்த மேல்நிலைப் பள்ளியில் காந்தி காலத்து ஆசிரியர்' என்று எழுதி வைத்திருப்பார்கள், படிக்கும்போது மனசுக்கு உறுத்தும்.

நான் 1974-இல் செகண்டரி கிரேடு டீச்சராக ஒரு ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சேர்ந்தேன். அதனால் உங்கள் அத்தையின் இரண்டு டி.சி. பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1958-இல் பஞ்சாயத்துச் சட்டம் வந்தது, ஜில்லா போர்டை எடுத்துவிட்டார்கள். 1960, 61-இல் பல ஊர்களைச் சேர்த்துப் பஞ்சாயத்து யூனியன், அதாவது ஊராட்சி ஒன்றியம், வந்தது. அப்போது போர்டின் எலிமெண்டரி பள்ளிகள் எல்லாம் யூனியனுக்குப் போயின. ஹைஸ்கூல்கள் போகவில்லை. அவை தனி அலுவலர் பொறுப்பில் 'போர்டு ஸ்கூல்' என்ற பெயரோடேயே சில வருடம் ஓடி, 1970-இல்தான் அரசுப் பள்ளிகள் ஆயின. அதனால்தான் அத்தைக்கு ஐந்தாவது வரை ஒன்றியப் பள்ளி, 1972-இல் அரசுப் பள்ளி. ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு தலைமை ஆசிரியர், இரண்டு மணி. உங்கள் சித்தப்பா எந்த வருடம் எஸ்.எஸ்.எல்.சி. என்று சொல்லவில்லை. நடுவில் இருந்தால் அவர் புத்தகத்தில் முத்திரை வேறு மாதிரி இருக்கும், தேடிப் பாருங்கள்.

யூனியன் காலம் எங்களுக்குச் சுலபமாக இல்லை. சம்பளம் யூனியன் ஆபீஸிலிருந்து வர வேண்டும். முதல் தேதி என்று பேர், பத்தாம் தேதி வரை ஆகும். நான் வேலை பார்த்த இடத்தில் சேர்மனுக்குப் பிடிக்கவில்லை என்றால் பள்ளி வருடத்தின் நடுவில் மாற்றல் வரும். என்னை ஒரு தடவை கைக்குழந்தையோடு பஸ் போகாத ஊருக்குப் போட்டார்கள், ஆறு மாதம் ஏரிக்கரையில் நடந்துதான் போனேன். 1981 ஜூன் 1 முதல் நாங்கள் எல்லோரும் அரசு ஊழியர்கள் ஆனோம். அன்றைக்குப் பள்ளியில் யாரும் பாடம் நடத்தவில்லை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தோம். பெயர்ப்பலகையில் இன்னமும் 'ஊராட்சி ஒன்றிய' என்றே இருக்கும், ஆனால் சம்பளம் அரசாங்கம்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். சேர்க்கைப் பதிவேடு நிரந்தரமாக வைத்திருக்க வேண்டிய பதிவேடு. வருகைப் பதிவேட்டைக் கழித்துக் கட்டுவார்கள், இதைக் கழிக்கக் கூடாது. ஒவ்வொரு தலைமை ஆசிரியரும் பொறுப்பு ஒப்படைக்கும்போது இதை எண்ணிக் கையெழுத்து வாங்குவார். மழையில் நனைந்தது என்று ஆபீஸில் சொன்னது வேறு கட்டாக இருக்கும். நீங்கள் நேராகப் பள்ளிக்கே போங்கள். பழைய பதிவேட்டில் பிறந்த தேதி எல்லாம் நம்ப வேண்டாம். கையைத் தலைக்கு மேலே சுற்றிக் காதைத் தொட்டால் ஐந்து வயது என்று வைத்து, வாத்தியாரே ஒரு தேதி போட்டு எழுதியவை அவை. ஆனால் சேர்ந்த தேதி, விலகிய தேதி, விலகிய காரணம் இந்த மூன்றும் உண்மையாக இருக்கும்.

சைதை வாசகர்

சின்னத் தகவல். செங்கல்பட்டு ஜில்லா என்றாலும் கலெக்டர் ஆபீஸ் 1859 முதல் 1968 வரை எங்கள் சைதாப்பேட்டையில்தான் இருந்தது, அப்புறம்தான் காஞ்சிபுரம் போனது. செங்கல்பட்டு டவுனில் போய்ப் பழைய காகிதம் தேடினால் கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணம். 1997-இல் ஜில்லாவைக் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரித்தார்கள், 2019-இல் செங்கல்பட்டு மறுபடி தனி மாவட்டம் ஆனது. ஒவ்வொரு பிரிவினையிலும் கட்டுகள் இடம் மாறியிருக்கும்.

சென்னைக்குள் கதை வேறு. இங்கே போர்டு இல்லை, கார்ப்பரேஷன் ஸ்கூல்தான். சைதாப்பேட்டையே 1946-இல்தான் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. மதிய உணவு என்றதும் எல்லோரும் காமராஜரைச் சொல்வார்கள், சொல்ல வேண்டியதுதான். ஆனால் 1920-லேயே தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்கு கார்ப்பரேஷன் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டார்கள். எலிமெண்டரி கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவு செய்யக் கூடாது என்று அரசாங்கம் சொல்லி 1925-இல் அது நின்றுபோனது, பிறகு மீண்டும் வந்தது. 2011-இல் எல்லை விரிந்தபோது அம்பத்தூர், ஆலந்தூர், வளசரவாக்கம் எல்லாம் மாநகராட்சிக்குள் வந்தன, ஆனால் அங்கே இருந்த அரசுப் பள்ளிகள் வெகு காலம் கல்வித் துறையிடமே இருந்தன. ஊர் ஒரு கையிலும் பள்ளி ஒரு கையிலும் இருப்பது நம் பக்கத்தில் புதிது இல்லை.

கிழக்குத்தெரு

எனக்கும் மதுராந்தகம் பக்கம்தான் ஊர். இப்போது பெரம்பூரில் இருக்கிறேன். ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ஊரில் காலனிக்குள் இன்னொரு பள்ளி இருக்கிறதா, ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்று? எங்கள் அப்பா, தாத்தா அதை 'லேபர் ஸ்கூல்' என்பார்கள்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்றால், 1920 வாக்கில் ராஜதானியில் லேபர் கமிஷனர் என்று ஒரு அதிகாரியை வைத்து, ஒடுக்கப்பட்டவர்களுக்கு மனைப்பட்டா, கிணறு, பள்ளி எல்லாவற்றையும் அவர் பொறுப்பில் விட்டார்கள். போர்டு பள்ளி ஊர்த் தெருவில் இருக்கும், அங்கே எங்கள் பிள்ளைகளைச் சேர்க்க மாட்டார்கள், சேர்த்தாலும் வெளியே தாழ்வாரத்தில் உட்கார வைப்பார்கள். அதனால் சேரியிலேயே லேபர் டிபார்ட்மெண்ட் பள்ளி திறந்தது. 1949-இல் அது அரிஜன நலத் துறை ஆனது, பிறகு ஆதிதிராவிடர் நலத் துறை. நம் செங்கல்பட்டு ஜில்லாவுக்கு இதில் பழைய தொடர்பு உண்டு. கலெக்டர் டிரெமன்ஹீர் 1891-இல் இந்த ஜில்லாப் பறையர்களின் நிலைமையைப் பற்றி எழுதிக் கொடுத்த அறிக்கையை வைத்துத்தான் ஒடுக்கப்பட்டவர்களுக்கு அரசாங்கம் ஒதுக்கிய பஞ்சமி நிலம் வந்தது. 1894-இல் பிரம்மஞான சபையின் ஆல்காட் அடையாறு பக்கம் இலவசப் பள்ளி திறந்ததும் அந்தக் காலம்தான்.

நான் சொல்ல வருவது, மலரில் ஊர்ப் பள்ளியின் வரலாற்றை மட்டும் எழுதினால் ஊரின் பாதிப் பிள்ளைகள் எங்கே படித்தார்கள் என்பது வராது. ஹைஸ்கூல் சேர்க்கைப் பதிவேட்டில் 'முன்பு படித்த பள்ளி' என்று ஒரு கலம் இருக்கும். அதில் லேபர் ஸ்கூல் என்று முதலில் எந்த வருடம் வருகிறது என்று பாருங்கள். அன்றைக்குத்தான் அந்த ஹைஸ்கூல் ஊர் முழுவதற்குமான பள்ளியாக ஆனது என்பேன். எங்கள் அப்பா 1955-இல் அப்படிப் போன மூன்று பேரில் ஒருவர். பெஞ்சில் ஓரத்தில் இடம் கொடுத்தார்களாம், தண்ணீர்ப் பானையை மட்டும் தொட விடவில்லையாம். கணக்கு வாத்தியார் ஒருவர் தன் வீட்டிலிருந்து ஒரு கூஜாவில் கொண்டுவந்து எல்லோருக்கும் ஒரே டம்ளரில் கொடுத்ததை அப்பா கடைசி வரை சொல்லுவார்.

குரோம்பேட்டைக்காரன்

கோபம் எதற்கு? இதை நான் யோசிக்கவே இல்லை, அது என் தப்பு. காலனிப் பள்ளி இருக்கிறது, வழியில் பார்த்திருக்கிறேன். கட்டாயம் பார்த்து எழுதுகிறேன்.

மூன்றாம் பெஞ்ச்

எல்லாம் சரி, ஆனால் வளைவில் 1948 என்று இருப்பதை மாற்றச் சொல்வீர்களா? ஹைஸ்கூல் தொடங்கியது 1948 என்றால் அதன் வயது அதுதானே. தொடக்கப் பள்ளி வேறு பள்ளி, அதற்கு வேறு தலைமை ஆசிரியர். எங்கள் ஊரில் இப்படித்தான் இரண்டு பள்ளியையும் சேர்த்துக் கணக்குப் போட்டு நூற்றாண்டு விழா என்று பத்திரிகை அடித்து, பிறகு கல்வி அலுவலகத்தில் ஒத்துக்கொள்ளவில்லை.

பழைய ஏடு

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டாகப் பிரிந்தது 1960-க்குப் பிறகுதான். அதற்கு முன்னால் ஒரே போர்டு, ஒரே கட்டடம், ஒரே தலைமை ஆசிரியராக இருந்திருந்தால் அது ஒரே பள்ளிதான். வீட்டைப் பாகம் பிரித்தால் தாத்தா ஒருவருக்கு மட்டும் சொந்தமாகிவிடுவாரா? என் யோசனை, இரண்டு வருடத்தையும் எழுதுங்கள், எது எதற்கான வருடம் என்று சொல்லிவிடுங்கள். ஒரு வருடத்தை மட்டும் போடுவதால்தான் பாட்டியைப் பொய் சொன்னவர் ஆக்குகிறோம்.

எங்கே தேடுவது என்றும் சொல்லிவிடுகிறேன். முதலில் பள்ளி, டீச்சர் அம்மா சொன்னபடி. ஹைஸ்கூலில் மட்டும் இல்லாமல், பக்கத்தில் இருக்கிற ஒன்றியத் தொடக்கப் பள்ளியிலும் கேளுங்கள். 1960-இல் பிரிந்தபோது பழைய எலிமெண்டரி பதிவேடு அங்கேதான் போயிருக்கும், ஹைஸ்கூலில் தேடினால் 1948-க்கு முன்னால் எதுவும் இருக்காது. வளைவில் அந்த வருடம் ஏறியதற்குக் காரணமே இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்தது வி.ஏ.ஓ.விடம் இருக்கிற 'அ' பதிவேடு, ஊர் நிலங்களின் கணக்கு. பள்ளி இருக்கிற சர்வே நம்பருக்கு எதிரே யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பல ஊர்களில் இன்னும் 'ஜில்லா போர்டு' என்றே இருக்கும், மாற்றியிருக்க மாட்டார்கள். தனியார் கொடுத்த நிலம் என்றால் தானப் பத்திரம் சார்பதிவாளர் ஆபீஸில் இருக்கும். மிகப் பழைய வில்லங்கம் ஆன்லைனில் கிடைக்காது, அதற்குக் கையால் தேட மனுப் போட வேண்டும். நிலம் கொடுத்தவர் பெயர் மலரில் வர வேண்டியது ரொம்ப முக்கியம். 1958-இல் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது, அதுவும் அன்றைய செங்கல்பட்டு ஜில்லாதான். கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்தினார். அதற்குப் பிறகு ஊர் ஊராக மக்களே பெஞ்சு, கரும்பலகை, மணி, மதில்சுவர், கட்டடம் என்று கொடுத்தார்கள். உங்கள் பள்ளியிலும் பெஞ்சின் அடியில், மணியின் விளிம்பில், அலமாரிக் கதவில் 'உபயம்' என்று பெயர் இருக்கலாம்.

கடைசியாக எழும்பூர் ஆவணக் காப்பகம். 1909-இல் கட்டிய அந்தச் செங்கல் கட்டடம் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அரசாணைகள், ராஜதானி கல்வித் துறையின் வருடாந்திர அறிக்கைகள் அங்கே இருக்கின்றன. 1948-ஐ ஒட்டி, செங்கல்பட்டு ஜில்லா போர்டு எந்தெந்த ஊரில் ஹைஸ்கூல் திறக்க அனுமதி கேட்டது என்று கல்வித் துறைக் கட்டுகளில் தேடலாம். ஒரே நாளில் நடக்கிற வேலை இல்லை, சாப்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். கன்னிமாரா நூலகம் அங்கிருந்து ஆட்டோ தூரம்தான், பழைய ஜில்லா மேனுவல், கெசட்டியர் எல்லாம் அங்கே பார்க்கலாம்.

சுமதி டீச்சர்

தொடக்கப் பள்ளிக்குப் போகும்போது காலை பிரேயர் நேரத்தில் போகாதீர்கள் தம்பி, மத்தியானம் சாப்பாடு முடிந்து போங்கள். ஒரு கடிதம் எழுதிக் கையில் கொண்டுபோங்கள். பதிவேட்டை ஹெச்.எம். எதிரே வைத்துத்தான் பார்க்க வேண்டும், பக்கம் புரட்டும்போது எச்சில் தொடாதீர்கள், காகிதம் அப்பளம் மாதிரி இருக்கும்.

குரோம்பேட்டைக்காரன்

மூன்று வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

போன சனிக்கிழமை ஊருக்குப் போய் இருந்துவிட்டு, திங்கட்கிழமை முழுக்கப் பள்ளியில் இருந்தேன். ஹைஸ்கூலில் சேர்க்கைப் பதிவேடு நன்றாக வைத்திருக்கிறார்கள். முதல் பதிவேடு 1948 ஜூன், சேர்க்கை எண் 1-லிருந்து தொடங்குகிறது. அப்பாவின் பெயர் 1951-இல், ஃபர்ஸ்ட் ஃபாரம், எண் 214. முன்பு படித்த பள்ளி என்ற கலத்தில் அப்பாவுக்கு 'இதே பள்ளி, எலிமெண்டரி பிரிவு' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. பழைய ஏடு ஐயா, நீங்கள் சொன்ன ஒரே பள்ளி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கிழக்குத்தெரு ஐயா, லேபர் ஸ்கூல் என்று முதலில் வருவது 1950-இல். ஒரே ஒரு பையன். 'விலகிய காரணம்' என்ற இடத்தில் அவருக்கு 'எஸ்.எஸ்.எல்.சி. முடித்தார்' என்று இருக்கிறது. அவருக்கு அடுத்து இரண்டு வருடம் யாரும் இல்லை, 1953-இல் நான்கு பேர். ஐந்து பெயரையும் எழுதிக்கொண்டு காலனிக்குப் போனேன். முதல் பையனின் மகள் அங்கேயே இருக்கிறார், அங்கன்வாடி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அப்பா தாலுகா ஆபீஸில் வேலை பார்த்ததாகச் சொன்னார், போட்டோ ஒன்று எடுத்துக் கொடுத்தார். மலரில் அந்தப் போட்டோ வருகிறது. காலனிப் பள்ளிக்கும் தனியாக ஒரு பக்கம் கேட்டிருக்கிறேன், குழுவில் ஒருவர் இடம் இல்லை என்றார், அப்படியானால் என் பெயரில் வருகிற பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன், ஒத்துக்கொண்டார்கள்.

மத்தியானம் மதிலுக்கு அந்தப் பக்கம் தொடக்கப் பள்ளிக்குப் போனேன். ஹெச்.எம். அம்மா சின்ன வயது, இரண்டு வருடமாகத்தான் அங்கே இருக்கிறார். பழைய பதிவேடு என்றதும், அரிசி மூட்டை வைக்கிற அறையில் ஒரு இரும்புப் பெட்டி இருக்கிறது, சாவி வழிவழியாக வருகிறது, நான் திறந்ததில்லை என்றார். திறந்தோம். மேலே கிழிந்த தேசப்படம், பித்தளை மசிக்கூடு ஒன்று, அதற்கடியில் மூன்று நீள நோட்டுகள். முதல் நோட்டின் அட்டையில் பாதி செல்லரித்துவிட்டது. மீதியில் ஒரு முத்திரை. ஊர் பெயர் இருந்த இடம் போய்விட்டது, 'தாலுகா போர்டு எலிமெண்டரி' என்பது மட்டும் தெரிகிறது. உள்ளே முதல் சில தாள்கள் இல்லை. படிக்க முடிகிற முதல் பதிவு 1921.

பாட்டியின் பெயரைத் தேட ஒரு மணி நேரம் ஆனது. எல்லாம் கட்டைப் பேனாவால் எழுதிய கையெழுத்து, மை பழுப்பாகிவிட்டது. 1927-இல் இருக்கிறார். தகப்பனார் பெயர், தொழில் பயிர்ச்செலவு, அதாவது விவசாயம். ஒரு பக்கத்தில் இருபது பெயர் என்றால் பெண்பிள்ளைகள் இரண்டு பேர், சில பக்கங்களில் அதுவும் இல்லை. சேர்ந்தது ஒன்றாம் வகுப்பு. விலகியது 1930, மூன்றாம் வகுப்பு. காரணம் என்ற இடத்தில் 'பெரியவளானாள்' என்று இருக்குமோ என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன், அப்படி இல்லை. 'தம்பியைப் பார்த்துக்கொள்ள' என்று தமிழில் எழுதியிருக்கிறார் வாத்தியார்.

அந்தத் தம்பி 1933-இல் அதே நோட்டில் சேர்கிறார். ஹெச்.எம். அம்மா இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னார். நோட்டுகளை வெள்ளைத் துணியில் சுற்றி, அரிசி அறையிலிருந்து எடுத்துத் தன் மேஜைக்குப் பக்கத்து பீரோவில் வைத்துவிட்டார். ஸ்கேன் செய்து இணையத்தில் சேர்க்கத் தமிழ் இணையக் கல்விக்கழகத்துக்குக் கடிதம் எழுதலாமா, அதற்கு யாருடைய அனுமதி வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வளைவில் 1948-க்குக் கீழே இன்னொரு வரி சேர்க்க வர்ணக்காரரிடம் பேசியாகிவிட்டது.